சார் காட்டிய பாதையை விட்டு விலகினால் நான் நன்றி கெட்டவளா?

வாசகிக்கு 20 வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது ஜோஹன்னஸ்பர்க்கில் விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். தமிழுக்கு ஆயா உதவினாராம். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

13 வயதிலிருந்து இவருக்குக் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். கடிதம் முழுக்க அவர் 'சார்'தான். வயது 75-ஐத் தாண்டிவிட்டது. சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக் கராஜில் வகுப்பு நடக்கும். ஒரு காசு வாங்கியதில்லை. பால்சா மரத்தில் இறக்கை செய்து, அதன்மேல் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, மேசை விசிறிக்கு முன்னால் பிடித்துக் காட்டுவாராம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று, பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்துக் காட்டினார். 1968-ல் அவர் இதே படிப்புக்கு விண்ணப்பித்தபோது வந்த மறுப்புக் கடிதம். "இதற்கு நான் எழுதும் பதில் நீதான்" என்றாராம்.

இப்போது சிக்கல். இரண்டாம் ஆண்டில் பாய்ம இயக்கவியல், பொருள் வலிமையியல் என்று இரண்டு பாடங்களில் தேறவில்லை; அவற்றை மறுபடி படிக்கிறார். இதற்கிடையே மாணவர் குழு ஒன்றில் செயற்கைக்கோள் சிக்னல் பிடிக்கும் ரிசீவர் கட்டும் வேலையில் மனம் ஒட்டிக்கொண்டது. மின் பொறியியலுக்கு மாற விரும்புகிறார். சாரிடம் ஜாடையாகச் சொன்னதற்கு, "அது ரேடியோ ரிப்பேர். நாசா போக வேண்டியவள் பேசும் பேச்சா?" என்று கேட்டுவிட்டார். ஞாயிறு இரவு ஒரு மணி நேரம் போனில் பாடம் விசாரிக்கிறார். விரிவுரையாளருக்கே மின்னஞ்சல் அனுப்பி மதிப்பெண் கேட்டிருக்கிறார். முதலாண்டுக் கட்டணத்தில் 30,000 ரேண்ட் அவர் கொடுத்தது. அண்மையில் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. "இப்போது எதுவும் சொல்லாதே, மனுஷன் உடைந்துபோவார்" என்கிறார் அம்மா. "பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உன் இஷ்டப்படி செய்" என்கிறார் அப்பா.

"நான் நன்றி கெட்டவளா?" என்று கேட்டுக் கடிதத்தை முடிக்கிறார்.

அன்பு மகளே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பணம், பாடம், படிப்பு மாற்றம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் ஏழாம் பக்கத்தின் ஓரத்தில், முடித்த பிறகு நினைவு வந்து எழுதியது போலச் சில வரி இருக்கிறதே, நான் அங்கேதான் நின்றுவிட்டேன். "இறக்கையின் மேல்புறம் வளைவாக இருப்பதால் தூரம் அதிகம், அதனால் மேலே போகும் காற்று வேகமாக ஓடிக் கீழே போன காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர்கிறது என்று சார் சொல்லிக்கொடுத்தார். அது தவறு என்று இங்கே வந்துதான் தெரிந்தது. மேலே போகும் காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அன்றிலிருந்து அவரோடு பேசும்போதெல்லாம் எதையோ மறைப்பது போல இருக்கிறது."

இரண்டு ஆண்டாக உன் நெஞ்சில் கிடக்கும் முள் இதுதான் என்று எனக்குப் படுகிறது. நீ மேலே வைத்த மனிதர் ஒரு விஷயத்தில் தவறாக இருந்தார். அதை அவரிடம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பாடம் மாறும் பேச்சை எடுக்கத் தயங்குவதும் இதனால்தான். அந்தத் தவறு அவருடைய சொந்தத் தவறும் இல்லை. அந்த விளக்கம் எத்தனையோ பாடப்புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாக அச்சாகி வந்தது. அவர் காலத்தில் கையில் கிடைத்ததை உனக்குக் கொடுத்தார்.

இனி உன் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார். விசிறிக் காற்றில் இறக்கையை மெல்லச் சாய்க்கச் சாய்க்க, முதலில் நூல்கள் எல்லாம் படிந்து கிடக்கும். ஒரு கோணத்தைத் தாண்டியதும் பின்விளிம்பு நூல்கள் படபடக்கும். இன்னும் சாய்த்தால் அவை முன்பக்கமாகவே திரும்பிவிடும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியில், "சார் சொல்வார்: என் பேச்சை நம்பாதே, நூலைப் பார்" என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டாம் பக்கத்தை எழுதியவளும் ஏழாம் பக்கத்தை எழுதியவளும் நீதான். ஆனால் இரண்டையும் சேர்த்து நீ படிக்கவில்லை. அவர் பேச்சை விட்டு நூலைப் பார்க்கச் சொன்னதே அவர்தானே? பல்கலைக்கழகத்தில் நீ செய்தது அதைத்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பிஸ்கட் டின்னில் இருக்கும் கடிதம்

அந்த மறுப்புக் கடிதத்தின் கனம் உனக்கு முழுதாகத் தெரியுமா என்று தெரியவில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். 1959-ல் வந்த சட்டம் ஒன்று வெள்ளையர் அல்லாதவர்களை 'வெள்ளையர்' பல்கலைக்கழகங்களிலிருந்து விலக்கியது. அமைச்சரின் அனுமதி இருந்தால்தான் சேர முடியும். அவர் தரலாம், மறுக்கலாம். இந்தியப் பிள்ளைகளுக்கென்று 1961-ல் டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரியைத் திறந்தார்கள். பிள்ளைகள் படகேறித்தான் வகுப்புக்குப் போனார்கள். உன் சாரும் அங்கேதான் இயற்பியல் படித்தார் என்கிறாய். ஜோஹன்னஸ்பர்க் போவதே அன்று லேசான காரியம் இல்லை. 1975 வரை, டர்பன் இருந்த நட்டால் மாகாணத்து இந்தியர், ஜோஹன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். நீ இரவு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கும் எல்லை அது.

ஆகவே, உன்னைப் பார்த்து "என் பதில் நீதான்" என்று அவர் சொன்னபோது எத்தனை ஆண்டுக் காயம் பேசியது என்பது புரிகிறது. என் தகப்பனார் தலைமுறையிலும் இப்படிப்பட்ட டின்கள் பல வீடுகளில் இருந்தன. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவே மாட்டேன். ஆனாலும் மகளே, அந்தக் கடிதத்தை எழுதியது ஓர் அரசாங்கம். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு 20 வயதுப் பெண்ணின் மதிப்பெண் பட்டியலுக்குக் கிடையாது. நீ முதல் வகுப்பில் தேறினாலும் 1968 திரும்பி வராது; இரண்டு பாடத்தில் தவறினாலும் அவர் வாழ்க்கை வீணாகிவிடாது. அவருக்கு இல்லாமல் போனது இந்தப் பாடமா, தானே தேர்ந்தெடுக்கும் உரிமையா என்று யோசித்துப் பார். உரிமைதான் என்பது என் எண்ணம். அந்த உரிமை இன்று உன் கையில் இருக்கிறது.

எந்தக் காகிதத்துக்குப் பயப்பட வேண்டும்

30,000 ரேண்ட் பற்றி வழக்கறிஞர் தோழி ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். பொங்கல் வாழ்த்து அட்டையில் "இது கடன் அல்ல, என் பரிசு" என்று சார் கைப்பட எழுதியிருக்கிறார். பணத்தையும் நீ பெற்றுக்கொண்டுவிட்டாய். பரிசு என்று கொடுத்து முடித்ததை, மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கேட்க நம் நாட்டுச் சட்டம் பொதுவாக இடம் தராது. ஒரு விதிவிலக்கு உண்டு, அதன் பெயரைக் கேட்டால் உனக்குத் தூக்கிவாரிப் போடும்: கொடிய நன்றிகேடு. ரோமன்-டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது. கொடுத்தவரைக் கைநீட்டி அடிப்பது, அவர் உயிருக்கு உலை வைக்கத் திட்டமிடுவது போன்றவற்றுக்குத்தான் அது பொருந்தும். பாடம் மாறுவதை எந்த நீதிபதியும் அதில் சேர்க்க மாட்டார். அந்த அட்டையைப் பத்திரமாக வை. அவர் கேட்காதபோது பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அப்பாவின் யோசனையையும் கைவிடச் சொல். அத்தனை ஆண்டுச் சனிக்கிழமைகளுக்கு விலை பேசியது போல அவருக்குத் தோன்றும். அந்தப் புண் ஆறாது.

நீ பயப்பட வேண்டிய காகிதம் வேறு. நான்காம் பக்கத்தில் போகிற போக்கில், "இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு கம்பெனி பர்சரி கட்டணம் கட்டுகிறது" என்று எழுதிவிட்டுக் கடந்துவிட்டாய். பர்சரி என்பது நிபந்தனையோடு வரும் படிப்புதவிப் பணம். அந்த ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படி. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் எந்தப் பட்டத்துக்கு என்று பெயர் குறிப்பிட்டிருப்பார்கள். பாடம் மாறினாலோ தவறினாலோ அதுவரை கொடுத்தது கடனாக மாறும் என்றும், எத்தனை ஆண்டு உதவி பெற்றாயோ அத்தனை ஆண்டு அங்கே வேலை செய்ய வேண்டும் என்றும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பர்சரி அலுவலகத்துக்கு எழுதிக் கேள். பதிலை எழுத்தில் வாங்கு. போனில் யாராவது "பரவாயில்லை" என்று சொன்னால் அது போதாது. விளங்காத வரி இருந்தால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தில் காட்டு.

செயற்கைக்கோள் 'ரேடியோ ரிப்பேர்' இல்லை

இதில் சாரின் கருத்தை நான் ஏற்கவில்லை. நம் நாட்டில் கட்டப்பட்ட முதல் செயற்கைக்கோள் சன்சாட். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் செய்தது. எடை 64 கிலோ. 1999 பிப்ரவரியில் விண்ணுக்குப் போனது. அதற்குப் பிறகு கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து 2013-ல் ஒரு சிறிய செயற்கைக்கோள், 2018-ல் இன்னொன்று. முதலாவது, பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். இரண்டாவது, நம் கடலோரத்தில் போகும் கப்பல்களின் சிக்னலைக் கேட்பதற்காகச் செய்தது. 2022 ஜனவரியில் அதே வேலைக்கு மூன்று செயற்கைக்கோள்கள் ஒன்றாகப் போயின. இந்தப் பெட்டிகளுக்குள் பெரும்பகுதி மின்னணுவும் கட்டுப்பாட்டியலும்தான். விண்வெளிப் பொறியியல் என்றால் இறக்கை மட்டும் என்பது சார் வளர்ந்த காலத்துப் படம்.

நாசா கனவையும் கொஞ்சம் தரைக்கு இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. நாசாவின் நேரடி வேலைகள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான். அந்நாட்டு விண்வெளி நிறுவனங்களும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் வெளிநாட்டினரை எளிதில் எடுப்பதில்லை. நீ விமானம் படித்தாலும் மின்சாரம் படித்தாலும் இந்தச் சுவர் ஒன்றுதான். ஆகவே, பாடம் மாறினால் நாசா போய்விடும் என்ற பயம் தேவையில்லை. உனக்கு உதவப்போவது வேறொன்று: தென்னாப்பிரிக்கா 1999-லிருந்து, பொறியியல் பட்டங்களுக்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நம் பொறியியல் மன்றம் அங்கீகரித்த பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் இணையாக மதிக்கும். எந்தப் படிப்புக்கு மாறினாலும் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்.

இரண்டு பாடத்தில் தவறியது

"நான் இதற்கு லாயக்கில்லை" என்று எழுதியிருக்கிறாய். இருபது ஆண்டுக்கு மேலாக மாணவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவள் நான். பொறியியல் இரண்டாம் ஆண்டில் தடுக்கி விழுந்து, எழுந்து, இன்று நல்ல வேலையில் இருப்பவர்கள் என் அறைக்கு வந்தவர்களிலேயே பலர். இரண்டு பாடத்தை வைத்து உன் தகுதியை எடை போடாதே.

ஆனால் ஒன்றை நேர்மையாகப் பார்க்க வேண்டும். மாற நினைப்பது ஆசையாலா, தப்பிக்கவா? உன் கடிதத்திலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ரிசீவர் குழுவில் சேர்ந்தது முதலாண்டு ஆகஸ்டில். பாடத்தில் தவறியது அதற்கு அடுத்த ஆண்டு. ஆசை முந்தி வந்திருக்கிறது. நல்ல அடையாளம். ஆனாலும் மின் பொறியியலில் கணக்கு குறையும் என்று எண்ணிவிடாதே. சிக்னல் பாடங்களில் அது வேறு முகத்தோடு வந்து நிற்கும். பொருள் வலிமையியலும் உன்னை விடாது. ராக்கெட் கிளம்பும்போது வரும் அதிர்வைத் தாங்காத பெட்டி, உள்ளே எவ்வளவு நல்ல மின்சுற்று இருந்தாலும் பயன்படாது.

உன் முன்னால் மூன்று வழி தெரிகிறது. இதே பட்டத்தை முடித்து, இறுதியாண்டு ஆய்வைக் கட்டுப்பாட்டியல் பக்கம் எடுத்து, முதுநிலையில் செயற்கைக்கோளுக்குப் போவது ஒன்று. பர்சரி பிடிவாதமாக இருந்தால் இதுவே பாதுகாப்பு. ஒரு நாளும் வீண் இல்லை. இப்போதே மின் பொறியியலுக்கு மாறுவது இரண்டாவது. படித்த பாடங்களில் எவற்றை ஏற்பார்கள் என்பதைப் பொறுத்து ஓர் ஆண்டோ அதற்கு மேலோ கூடலாம், செலவும் கூடும். மூன்றாவதை நீ யோசிக்கவே இல்லை: டர்பனுக்கே திரும்புவது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக இயந்திரப் பொறியியல் துறையில் ராக்கெட் செய்கிறார்கள். அவர்களுடைய பீனிக்ஸ் ராக்கெட் ஒன்று 2021 மார்ச்சில் ஓவர்பெர்க் சோதனைத் தளத்திலிருந்து கிளம்பி 17.9 கிலோமீட்டர் உயரம் எட்டியது.

என்னைக் கேட்டால், ஜூன் தேர்வு வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதே. இரண்டு பாடத்தையும் தேறி முடி. தேறிய பிறகு மாறினால், "ஓடி வந்துவிட்டேனோ" என்ற சந்தேகம் உன்னைத் துரத்தாது. பழைய விடைத்தாளைக் காட்டச் சொல்லி விரிவுரையாளரிடம் கேட்டாயா? கேள். எங்கே மதிப்பெண் போனது என்று தெரியாமல் மறுபடி படிப்பது இருட்டில் ஊசி தேடுவது.

மதிப்பெண் உன்னுடையது

18 வயதானவள் நம் சட்டத்தில் முழு ஆள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உன் சம்மதம் இல்லாமல் உன் மதிப்பெண்ணைத் துறை யாருக்கும் சொல்லக் கூடாது, அப்பாவுக்கும் கூட. "என் முடிவுகளை வேறு யாரிடமும் பகிர வேண்டாம்" என்று துறைக்கு இரண்டு வரி எழுதிவிடு. சார் மீது புகாராக எழுதாதே. அவர் பெயரே வேண்டாம். அவர் செய்தது எல்லை மீறல்தான், அன்பால் செய்ததானாலும். ஞாயிறு போனையும் அரை மணியாக்கு. பாடம் கேட்க ஆரம்பித்தால், "சார், இன்று உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பேச்சைத் திருப்பு.

சாரிடம் சொல்வது

அம்மா சொல்வது போல மறைக்க வேண்டாம். முன்பு ஒரு மாணவன் இப்படித்தான் இரண்டு ஆண்டு மறைத்தான். பட்டமளிப்பு அழைப்பிதழில் படிப்பின் பெயரைப் பார்த்துத்தான் அவனை வளர்த்த ஆசிரியருக்குத் தெரிந்தது. பாடம் மாறியது அவரை அவ்வளவாக வருத்தவில்லை. ஊரெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியவில்லை என்பதில்தான் அவர் நொறுங்கிப்போனார். இதய நோயாளியிடம் எப்போது பேசலாம் என்பதை அவர் வீட்டம்மாவிடம் கேள்; மருத்துவர் என்ன சொல்லியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பேசும்போது அந்த அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

போனில் சொல்லாதே. ஜூலை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, ஒரு சனிக்கிழமை, அதே கராஜில் சொல். நீளமாக வேண்டாம். "சார், இரண்டு பாடத்தில் தவறினேன், மறுபடி எழுதினேன். செயற்கைக்கோள் பக்கம் போக விரும்புகிறேன். உங்களிடம் முதலில் சொல்லாதது என் தவறு." இவ்வளவு போதும். கோபப்படலாம், பேசாமல் இருக்கலாம். உடனே சமாதானம் செய்ய முயலாதே. அவருக்கும் நேரம் வேண்டும். முடிவு உன்னுடையது என்பதில் மட்டும் பின்வாங்காதே.

போகும்போது அந்த ரிசீவரையும் மடிக்கணினியையும் எடுத்துப் போ. சர்வதேச விண்வெளி நிலையம் டர்பன் வானத்தைக் கடக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள். ஒரு தடவை கடக்க அதிகம் போனால் பத்து நிமிடம். அது நம்மை நோக்கி வரும்போது சிக்னலின் அதிர்வெண் மூன்று கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கூடியிருக்கும், விலகும்போது அதே அளவு குறைந்துவிடும். திரையில் கோடு வளைந்து இறங்குவதை நீ பார்த்திருப்பாய். டாப்ளர் விளைவை அவர்தானே உனக்கு ரயில் விசிலை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்? நீ எதுவும் விளக்காதே. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சும்மா இரு. அவர் கேள்வி கேட்கத் தொடங்குவார். தெரிந்ததற்குப் பதில் சொல். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவிட்டு, அடுத்த தடவை அது மேலே வரும் நேரத்தை அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வா.